இடித்தவரே திருப்பிக் கட்டட்டும்

பழைய கட்டடம் ஒன்றை அனுமதியின்றி இடித்தால் என்ன தண்டனை கிடைக்கும்? இந்தக் கேள்வியை எம்மவரிடம் கேட்டுப் பார்த்தால், "காணி அவருடையது, கட்டடமும் அவருடையது. அவர் இடித்தால் யார் என்ன கேட்பது?" என்ற பதிலே பெரும்பாலும் வரும். சட்டம் தெரிந்தவர்கள் சிலர், "ஏதோ தண்டம் கட்டவேண்டி வரும், கட்டிவிட்டுப் போவார்" என்பார்கள். இரண்டாவது பதிலில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. கட்டிவிட்டுப் போகக்கூடிய தண்டம் உண்மையில் தண்டனைதானா, அல்லது இடிப்பதற்கான விலையா? இதைப் பற்றிச் சிந்திக்க வைக்கும் சம்பவம் ஒன்று இலண்டனில் நடந்தது. எமது நாட்டுச் சட்டத்தையும், எமது பெண்களின் பெயரில் இருக்கும் பழைய வீடுகளையும் அதனோடு சேர்த்துப் பார்ப்பது பயன் தரும்.

ஒரு புதன்கிழமை காலை

இலண்டன் மாநகரின் கில்பேர்ண் பகுதியில் 'கார்ல்ட்டன்' என்ற பெயருடைய தவறணை ஒன்று இருந்தது. முதலாம் உலகப் போரின்போது 1918 இல் அங்கிருந்த பழைய தவறணை குண்டுவீச்சில் அழிந்தது. அதே இடத்தில் 1920-21 காலப்பகுதியில் இது கட்டப்பட்டது. செங்கற் சுவர், மெருகேற்றிய ஓடுகள் பதித்த முகப்பு, உள்ளே மரவேலைப்பாடு என்று அக்காலக் கைவேலையைக் காட்டும் கட்டடம். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சிலும் அது தப்பி நின்றது.

அந்தக் கட்டடத்தை வாங்கிய கம்பனி, அதனை இடித்துவிட்டு அடுக்குமாடிக் குடியிருப்புகள் பத்து அமைப்பதற்கு அனுமதி கேட்டது. வெஸ்ட்மினிஸ்டர் நகரசபை 2015 ஜனவரியில் அனுமதியை மறுத்தது. அதேவேளை, அந்தக் கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் சேர்ப்பது பற்றி மரபுரிமைக்குப் பொறுப்பான அரச நிறுவனம் பரிசீலித்துக்கொண்டிருந்தது. இன்னும் சிறிது காலம் சென்றிருந்தால் அது சட்டத்தின் முழுப் பாதுகாப்பையும் பெற்றிருக்கக் கூடும்.

அந்தச் சிறிது காலம் அதற்குக் கிடைக்கவில்லை. உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள் விடுமுறை நாள். அன்று பொருட்களின் கணக்கெடுப்பு நடக்க இருப்பதால் தவறணையை மூடிவைக்கும்படி அதனை நடத்திவந்த பெண்ணிடம் சொல்லப்பட்டது. அவரும் மூடினார். இரண்டு நாட்களின் பின், 2015 ஏப்ரல் 8 ஆம் திகதி புதன்கிழமை, இடிக்கும் இயந்திரங்கள் வந்தன. அயலவர்கள் எட்டிப் பார்த்தபோது கூரை போய்விட்டது. சுவர்கள் சரிந்துகொண்டிருந்தன. முகப்பின் ஒரு பகுதியைத் தவிர அநேகமாக எல்லாமே கற்குவியலாயிற்று. யாருக்கும் முன்னறிவித்தல் இல்லை, யாரிடமும் அனுமதி பெறவில்லை. அத்தவறணையை நம்பித் தொழில் செய்த அந்தப் பெண்ணுக்குக்கூட எதுவும் சொல்லப்படவில்லை.

தவறணைக்காகவா இவ்வளவு?

எமது ஊர்களில் பெண்கள் தவறணையை மூடச் சொல்லி ஊர்வலம் போகிறவர்கள். குடியால் சீரழிந்த குடும்பங்களைக் கண்டவர்கள் எவரும் அதைத் தவறென்று சொல்லமாட்டார்கள். ஆகவே, ஒரு தவறணை இடிந்ததற்காக ஒரு பகுதி மக்கள் கொதித்தெழுந்தார்கள் என்றால் எமக்கு வியப்பாகத்தான் இருக்கும்.

ஆனால் அங்கே தவறணை என்பது குடிக்கும் இடம் மட்டுமல்ல. ஞாயிறு மதியம் குடும்பத்தோடு சாப்பிடப் போவதும், மரணவீடு முடிந்து உறவினர் கூடுவதும், தனித்து வாழும் முதியவர்கள் நாலு வார்த்தை பேச வருவதும் அங்கேதான். எமது ஊர்ச் சனசமூக நிலையமும் கோயில் மண்டபமும் தேநீர்க் கடையும் ஒன்றாகச் சேர்ந்தால் எப்படியிருக்குமோ அப்படியான இடம் அது. அந்த இடம் போனதைத் தங்கள் வீட்டில் ஒன்று போனதாகவே அயலவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அவர்கள் கோபப்பட்டதோடு நிற்கவில்லை. உண்மையில் அவர்களுடைய வேலை இடிப்பதற்கு முன்னரே தொடங்கியிருந்தது. விற்பனையும் புதிய திட்டமும் பற்றிய பேச்சு அடிபட்டபோதே சந்தேகம் கொண்ட அவர்கள், கட்டடத்தைப் பரிசீலிக்கும்படி மரபுரிமை நிறுவனத்தைக் கேட்டுக்கொண்டார்கள். அதன் பயனாகக் கட்டடம் படம் பிடிக்கப்பட்டது. விவரங்கள் பதிவு செய்யப்பட்டன. முகப்பு ஓடுகளுக்குச் சாந்தில் அச்சும் எடுக்கப்பட்டது. அந்த நேரத்தில் இது அளவுக்கு மிஞ்சிய முன்னெச்சரிக்கையாகத் தோன்றியிருக்கலாம். பின்னர் முழு வழக்கும் அதன்மேல்தான் நின்றது.

"ஒவ்வொரு செங்கல்லாக"

கார்ல்ட்டன் இடிக்கப்பட்ட நாளில் அது பாதுகாக்கப்பட்ட கட்டடமாக இருக்கவில்லை. எனவே பட்டியலிடப்பட்ட கட்டடத்தை இடித்த குற்றத்துக்கான சட்டத்தை உரிமையாளர்மேல் பிரயோகிக்க முடியவில்லை. நகரசபையின் கையில் இருந்தது திட்டமிடல் சட்டம் மட்டுமே. அனுமதி பெறாமல் செய்த ஒரு காரியத்தை முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவரும்படி கட்டளையிடும் அதிகாரம் அச்சட்டத்தில் இருந்தது. அனுமதியின்றிக் கட்டியதை உடைக்கச் சொல்வதற்கே பொதுவாக இந்த அதிகாரம் பயன்படும். இம்முறை அது தலைகீழாகப் பயன்படுத்தப்பட்டது. அனுமதியின்றி உடைத்ததைக் கட்டும்படி நகரசபை கட்டளையிட்டது. முன்பு இருந்தது போலவே, அதே அளவில், அதே பொருட்களால், அதே தோற்றத்தில், 18 மாதங்களுக்குள் கட்டி முடிக்க வேண்டும் என்பது கட்டளை.

உரிமையாளர் முறையீடு செய்தார். 2016 இல் விசாரணை நடந்து முறையீடு தள்ளுபடியாயிற்று. கட்டி முடிப்பதற்கு இரண்டு வருட அவகாசம் வழங்கப்பட்டது. பழைய கட்டடம் எப்படி இருந்தது என்று தெரியாது என வாதிட வழியிருக்கவில்லை. படங்களும் அளவுகளும் ஓட்டு அச்சுகளும் இருந்தன. இடிபாட்டிலிருந்து மீட்கக் கூடியவை மீட்கப்பட்டன. கட்டட வேலை இழுபட்டாலும் அயலவர்கள் விடவில்லை. இறுதியில் 2021 ஏப்ரலில், இடிக்கப்பட்டு ஆறு வருடங்களின் பின், அதே மூலையில் அதே தோற்றத்தில் கார்ல்ட்டன் தவறணை மீண்டும் திறக்கப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. இடித்தவருக்குக் கிடைத்த உண்மையான தண்டனை பணத்தொகையல்ல. இடித்ததால் கிடைக்கவிருந்த இலாபம் கிடைக்காமற் போனதே தண்டனை. வெறுங்காணி கையில் வந்தால் அடுக்குமாடி கட்டலாம் என்ற கணக்குப் பிழைத்தது. செலவும் அவருடையதாயிற்று, பழைய கட்டடமும் திரும்ப வந்து நின்றது.

தண்டமும் விலையும்

பிரித்தானியாவில் பட்டியலிடப்பட்ட கட்டடத்தை அனுமதியின்றி இடிப்பது குற்றவியல் குற்றம். 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இரண்டு வருடம் வரை சிறையும், உச்ச எல்லை இல்லாத தண்டப்பணமும் விதிக்கலாம். அச்சட்டத்தில் ஒரு முக்கியமான வாசகம் உண்டு. தண்டத்தின் அளவைத் தீர்மானிக்கும்போது, குற்றத்தால் குற்றவாளிக்குக் கிடைத்த அல்லது கிடைக்கவிருந்த பண இலாபத்தை நீதிமன்றம் கவனத்தில் எடுக்கவேண்டும் என்பதே அது. இலாபம் பெரிதாக இருந்தால் தண்டமும் பெரிதாக இருக்கும். இந்த வாசகம் இல்லாத சட்டத்தில், பணக்காரர் தண்டத்தையும் கட்டடச் செலவோடு சேர்த்து முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்வார்.

ஆனால் எவ்வளவு நல்ல சட்டமும் கட்டடம் பட்டியலில் ஏறிய பின்னரே வேலை செய்யும். இலண்டனின் மேற்கே 'ஃபயர்ஸ்டோன்' டயர் தொழிற்சாலை என்றொரு கட்டடம் இருந்தது. 1928 இல் திறக்கப்பட்ட அதன் முகப்பு மிக அழகானது என்று பெயர் பெற்றது. அதனைப் பாதுகாக்கும் ஆணை 1980 ஆகஸ்டில் தயாராகிக்கொண்டிருந்தது. இடையில் ஒரு நீண்ட வார விடுமுறை வந்தது. அலுவலகங்கள் திறப்பதற்குள் உரிமையாளர்கள் அந்த முகப்பை இடித்துத் தள்ளிவிட்டார்கள். ஆணை வெளிவராததால் அவர்களைத் தண்டிக்கவும் வழியில்லை. அந்த அதிர்ச்சியின் பின்னரே இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலக் கட்டடங்களைப் பட்டியலிடும் வேலை வேகம் பெற்றது. கார்ல்ட்டனிலும் விடுமுறையை ஒட்டியே இயந்திரம் வந்தது. அலுவலகங்கள் பூட்டியிருக்கும் நாட்களை இடிப்பவர்கள் நன்றாக அறிந்து வைத்திருக்கிறார்கள்.

அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் 2016 ஒக்டோபரில் நடந்தது இன்னொரு பாடம். 1850களில் கட்டப்பட்ட 'கோர்க்மன்' என்ற விடுதி அனுமதியின்றி ஒரு வார இறுதியில் இடிக்கப்பட்டது. உரிமையாளர்களுக்கு விதிக்கப்பட்ட தண்டம் பத்து இலட்சம் அவுஸ்திரேலிய டொலருக்கும் மேல். பின்னர் அந்தக் காணியைத் துப்புரவாக்கி, மக்கள் இருந்து இளைப்பாறும் பூங்காவாக மாற்றும்படியும் கட்டளை வந்தது. குறித்த காலத்தில் அவர்கள் அதைச் செய்யவில்லை. அதனால் கட்டளையை அவமதித்த குற்றவாளிகளாகக் காணப்பட்டார்கள். தண்டம் எவ்வளவு பெரிதென்றாலும், அதற்குப் பின்னால் தொடர்ந்து பார்க்கும் கண்கள் வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

கார்ல்ட்டனின் முன்மாதிரி வீண்போகவில்லை. இங்கிலாந்தின் ஹிம்லி என்ற இடத்தில் 'குறூக்கெட் ஹவுஸ்', அதாவது 'கோணல் வீடு', என்ற பெயரில் ஒரு தவறணை இருந்தது. 1765 இல் கமக்காரர் வீடாகக் கட்டப்பட்டது. நிலக்கரிச் சுரங்கத்தால் நிலம் கீழிறங்கிக் கட்டடம் ஒரு பக்கம் சாய்ந்து, அந்தச் சாய்வே அதன் அடையாளமாயிற்று. 2023 ஜூலையில் அது கைமாறியது. ஆகஸ்ட் 5 ஆம் திகதி இரவு தீப்பிடித்தது. இரண்டு நாட்களில் அது தரைமட்டமாக்கப்பட்டது. 2024 பெப்ரவரியில் உள்ளூராட்சிச் சபை, முன்பிருந்தபடியே மூன்று வருடத்துக்குள் திருப்பிக் கட்டும்படி அறிவித்தல் கொடுத்தது. உரிமையாளர்கள் அதற்கெதிராக முறையீடு செய்தார்கள். ஒருமுறை கட்ட வைத்துக் காட்டியதால்தான் இரண்டாவது சபைக்கும் அந்தத் துணிவு வந்தது.

திருப்பிக் கட்டியது பழையதாகிவிடுமா என்று கேட்கலாம். ஆகாதுதான். நூறு வருடத்துக்கு முந்திய கொத்தனாரின் கைப்பதிவு புதிய சுவரில் இருக்காது. ஆனால் அடுத்த கட்டடத்தை இடிக்க நினைப்பவர் ஒரு கணம் நின்று யோசிப்பார். அந்த ஒரு கணம்தான் சட்டத்தால் தரக்கூடிய மிகப்பெரிய பாதுகாப்பு.

எமது நாட்டுச் சட்டம்

இலங்கையில் இவ்விடயத்தில் பிரதானமானது 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம். கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான 1815 மார்ச் 2 ஆம் திகதியே அச்சட்டம் வகுத்த எல்லைக்கோடு. அதற்கு முற்பட்டவை தொல்பொருட்கள். அதற்குப் பிற்பட்ட கட்டடங்களைப் பற்றி என்ன? 1998 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் பின், நூறு வருடங்களைக் கடந்த கட்டடங்களையும் வர்த்தமானி மூலம் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாகப் பிரகடனம் செய்ய வழியுண்டு. அப்படிப் பிரகடனமான கட்டடம் தனியாருக்குச் சொந்தமானதாக இருந்தாலும், தொல்பொருளியல் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் அதனை இடிப்பதோ, திருத்துவதோ, கூட்டிக் கட்டுவதோ குற்றமாகும்.

தண்டனை என்ன? 1998 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, தொல்பொருளை வேண்டுமென்று அழிப்பவருக்கு 50,000 ரூபா வரை தண்டமும், இரண்டு முதல் ஐந்து வருடம் வரை சிறையும், அல்லது இவற்றில் ஒன்றும் விதிக்கலாம். சிறைத்தண்டனை கடுமையானதே. தண்டப்பணத்தைப் பாருங்கள். 1998 இல் 50,000 ரூபா பெரிய தொகை. இன்று கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ நகர நடுவில் ஒரு பழைய வீடு நிற்கும் காணியின் பெறுமதியோடு ஒப்பிட்டால், அது இடிபாட்டை லொறியில் ஏற்றிக் கொட்டுவதற்கும் போதாது.

2019 ஜனவரியில் அனுராதபுர மாவட்டத்தின் கிரலாகல என்னுமிடத்தில் பழைய தூபி ஒன்றின்மேல் ஏறிப் படம் எடுத்த தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் எட்டுப் பேர் கைதாகி மறியலில் வைக்கப்பட்டார்கள். பெப்ரவரியில் ஒவ்வொருவருக்கும் 50,000 ரூபா தண்டம் விதிக்கப்பட்டு விடுதலையானார்கள். புனிதமான இடத்தில் ஏறி நின்றது சரியென்று சொல்ல வரவில்லை. ஒரு படத்துக்காகப் பல்கலைக்கழகப் பிள்ளைகள் கட்டிய தொகையும், ஒரு முழுக் கட்டடத்தை இடித்து இலாபம் தேடுபவர் கட்டக்கூடிய உச்சத் தொகையும் ஒன்றாக இருக்கலாமா என்பதே கேள்வி. மாணவரின் குடும்பத்துக்கு அது பெருஞ்சுமை. காணி வியாபாரிக்கு அது சில்லறைக் காசு.

அடுத்த வருடமே இதற்கு உரைகல் போன்ற ஒரு சம்பவம் குருநாகலில் நடந்தது. இரண்டாம் புவனேகபாகு மன்னரின் அரசசபையோடு தொடர்புடையதாகச் சொல்லப்பட்ட கட்டடம் ஒன்று, 2020 ஜூலை 14 ஆம் திகதி இரவு வீதி அகலிப்பின் பெயரால் இடிக்கப்பட்டது. இம்முறை இடித்தது காணி வியாபாரியல்ல. குற்றச்சாட்டு நகரின் உள்ளூராட்சி நிர்வாகத்தை நோக்கியே எழுந்தது. நாடு முழுவதும் கண்டனம் எழுந்தது. பிரதமர் விசாரணைக் குழு நியமித்தார். மாநகர முதல்வரையும் வேறு சிலரையும் கைது செய்யும்படி நீதவான் உத்தரவிடும் வரை விடயம் சென்றது. மரபுரிமையைக் காப்பாற்ற வேண்டிய உள்ளூராட்சிச் சபையே இடிக்கும் பக்கம் நின்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டால், பொதுமக்கள் யாரிடம் முறையிடுவது என்ற கேள்வியை அது விட்டுச் சென்றது.

கைபடாமல் இடிவது

இயந்திரம் வராமலும் கட்டடம் இடியும். நல்லூரில் உள்ள மந்திரிமனையை யாழ்ப்பாணத்தார் எல்லோரும் அறிவார்கள். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் என்ற பெயர் அதற்கு உண்டு. ஆனால் 2025 செப்டெம்பரில் பெய்த மழையில் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. கூரை ஒழுகினால் மரம் உக்கும், மரம் உக்கினால் சுவர் நனையும், சுண்ணாம்புச் சுவர் நனைந்தால் ஒருநாள் தானாகவே விழும். வேண்டுமென்று இடித்தவரைத் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது. கவனிக்காமல் விட்டதற்கு யாரைப் பிடிப்பது? இடிக்க விரும்பும் உரிமையாளர் கூரை ஓட்டில் நாலைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தாலே போதும்.

இன்னொரு பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பழைய வீட்டில் வாழும் எல்லோரும் வசதியுள்ளவர்கள் அல்லர். போரில் கூரை இழந்த வீட்டைத் திருத்தப் பணமில்லாமல், பாதி வீட்டில் தறப்பாள் கட்டி வாழ்ந்த குடும்பங்கள் எத்தனையோ. பழைய ஓடும் நல்ல மரமும் கிடைப்பதில்லை. சுண்ணாம்புச் சாந்து கட்டத் தெரிந்த மேசன்மாரும் குறைந்துவிட்டார்கள். இப்படிப்பட்டவரிடம் தடையை மட்டும் நீட்டிவிட்டு உதவி எதுவும் செய்யாதிருப்பது நீதியல்ல. வசதியற்ற உரிமையாளருக்குத் திருத்த உதவியும், இலாபத்துக்காக இடிப்பவருக்கு இலாபத்தையே பறிக்கும் தண்டனையும் என்று இரண்டும் சேர்ந்தால்தான் சட்டம் முழுமை பெறும்.

வீடு யாருடைய பெயரில்?

இது பெண்களுக்கு ஏன் முக்கியம்? வடக்கில் தேசவழமைப்படி சீதனமாகக் கொடுக்கப்படும் வீடும் வளவும் பெண்ணுக்கே உரியவை. கிழக்கில் தமிழ்க் குடும்பங்களிலும் முஸ்லிம் குடும்பங்களிலும் வீடு மகளுக்குப் போவதே நீண்டகால வழக்கம். ஆகவே எமது பகுதிகளின் பழைய கல்வீடுகளிலும் நாற்சார் வீடுகளிலும் பல, ஏதோ ஒரு பெண்ணின் பெயரில்தான் உறுதியில் எழுதப்பட்டிருக்கின்றன. தாயிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து பேத்திக்கு என்று வந்த வீடுகள் அவை.

உறுதி பெண்ணின் பெயரில் இருந்தாலும் இடிப்பது பற்றிய முடிவைப் பெரும்பாலும் மற்றவர்களே எடுக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் தொலைபேசியில் சொல்வார், மருமகன் படம் கீறுவித்துக்கொண்டு வருவார், ஒப்பந்தக்காரர் முற்பணம் வாங்கிவிடுவார். அம்மாவிடம் ஒப்பம் மட்டும் கேட்பார்கள். நாளை அது பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று தெரியவந்தால், உரிமையாளர் என்ற வகையில் முதலில் பதில் சொல்லவேண்டியவர் அந்த அம்மாதான். ஒப்பமிடுவதற்கு முன் கேள்வி கேட்பது எதிர்ப்பல்ல. அது உரிமையாளரின் கடமை.

பழைய வீட்டுக்கு உரிமையுள்ள பெண்களும், பழைய கட்டடங்களின் அயலில் வாழும் பெண்களும் பின்வருவனவற்றைச் செய்யலாம்:

1. வீட்டின் வயதை அறிந்து வைத்திருங்கள். பழைய உறுதி, காணிப் படம், சோலைவரிப் பற்றுச்சீட்டு, நிலைப்படியில் வெட்டிய ஆண்டு, வீட்டு மூத்தோரின் நினைவு எல்லாமே சான்றுகள். நூறு வருடத்தை அண்மித்ததாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை.

2. இடிப்பதற்கோ பெரிய திருத்தத்துக்கோ முன்னர், அந்தக் கட்டடம் வர்த்தமானியில் பிரகடனம் செய்யப்பட்டதா என்று தொல்பொருளியல் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். மாநகர, நகர அல்லது பிரதேச சபையிடமும் அனுமதி பற்றி விசாரியுங்கள். வாய்மொழியாகச் சொல்லப்பட்டது நீதிமன்றத்தில் உதவாது.

3. வீட்டைப் படம் பிடியுங்கள். நாலு பக்கமும், முற்றம், தூண், கதவு, யன்னல், கூரையின் உட்பக்கம், தரை என்று ஒவ்வொன்றாக எடுங்கள். நாடாவால் அளந்து கொப்பியில் குறியுங்கள். கைத்தொலைபேசி இருந்தால் ஒரு பின்னேரத்தில் செய்யக்கூடிய வேலை. கார்ல்ட்டன் திரும்பி வந்தது இப்படிப்பட்ட பதிவால்தான்.

4. வெற்றுத்தாளில் ஒப்பமிடாதீர்கள். ஒப்பந்தக்காரரோடு எழுதும் உடன்படிக்கையில், எதை இடிப்பது, எதை விடுவது, அனுமதி பெறுவது யார் பொறுப்பு என்பன தெளிவாக இருக்கட்டும். பழைய மரமும் கதவும் ஓடும் யாருக்கு என்பதையும் எழுதுங்கள்.

5. ஒழுகும் கூரையை மாரிக்கு முன் பாருங்கள். பத்து ஓடு மாற்றும் செலவில் ஒரு சுவரைக் காப்பாற்றலாம்.

6. ஊரில் பொதுக்கட்டடம் ஒன்று, பழைய பள்ளிக்கூடமோ மடமோ வாசிகசாலையோ, கைமாறப் போகிறது என்று கேள்விப்பட்டால் இடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். மாதர் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம், கோயில் அல்லது பள்ளிவாசல் நிர்வாகம் ஆகியவற்றின் பெயரில் கடிதம் எழுதித் திணைக்களத்துக்கும் பிரதேச செயலாளருக்கும் அனுப்புங்கள். பிரதியை வைத்திருங்கள். நீண்ட விடுமுறைக்கு முந்திய நாட்களில் கவனமாயிருங்கள். அனுமதியற்ற வேலை தொடங்கிவிட்டதென்று கண்டால் உடனே பொலிசில் முறைப்பாடு பதிந்து, அதன் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தெருவில் இருந்தவர்கள்

பழையது எல்லாமே காக்கப்பட வேண்டும் என்பதில்லை. பிள்ளைகள் பெருக வீடும் பெருகத்தான் வேண்டும். ஆபத்தான சுவரின் கீழ் எவரையும் படுக்கச் சொல்ல முடியாது. அனுமதி என்ற நடைமுறை இருப்பதன் காரணமும் இதுவே. இது போகலாம், இது நிற்கவேண்டும் என்று இடிப்பதற்கு முன் ஒருமுறை நின்று பார்ப்பதற்காகவே அந்த நடைமுறை. அனுமதி கேட்காமல் இரவோடிரவாக இடிப்பவர் பறிப்பது கட்டடத்தை மட்டுமல்ல, ஊரார் நின்று பார்க்கும் அந்த வாய்ப்பையும்தான்.

எமது சட்டத்திலும் தண்டம் இலாபத்துக்கு ஏற்ப உயரவேண்டும். இடித்ததைத் திருப்பிக் கட்டவைக்கும் கட்டளை நடைமுறைக்கு வரவேண்டும். வசதியற்ற உரிமையாளருக்குத் திருத்த உதவி கிடைக்கவேண்டும். இவற்றைக் கேட்டுப் பெறுவது மக்கள் பிரதிநிதிகளிடமும் சட்டம் ஆக்குவோரிடமும். அதற்கிடையில் எம்மால் செய்யக்கூடியது, எமது தெருவில் என்ன நிற்கிறது என்பதை அறிந்து எழுதி வைப்பது. இலண்டனில் அந்தத் தவறணையை மீட்டவர்களில் பெரும்பாலோர் வழக்கறிஞரோ கட்டடக்கலைஞரோ அல்லர். அந்தத் தெருவில் வாழ்ந்தவர்கள், இடிப்பதற்கு முன்னரே கேள்வி கேட்டவர்கள். எமது தெருக்களிலும் அப்படிக் கேட்கக்கூடிய பெண்கள் இருக்கிறார்கள்.